எடுக்கும் கண்களை எண்ணுகிறீர்கள், பார்க்கும் கண்களை எண்ணுவதில்லை

எங்கள் மாவட்டக் கண் நலத் திட்டத்தை நடத்தும் அலுவலர்களுக்கும், அதற்கு ஆளும் பணமும் ஒதுக்கும் மாநில உயர் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

ஒரே வாரத்தில் உங்களிடமிருந்து இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. தானமாகப் பெற வேண்டிய கருவிழிகளின் ஆண்டு இலக்கை முதலாவது உயர்த்துகிறது (கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலத்தை). வாரந்தோறும் நடந்துவந்த கருவிழிச் சிறப்புப் புறநோயாளர் பிரிவு, நிபுணர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டதால் இனி மாதத்தில் ஒரு நாள் மட்டுமே நடக்கும் என்று இரண்டாவது அறிவிக்கிறது. இரண்டிலும் இருப்பது ஒரே கையெழுத்து. கையெழுத்திட்டவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாரா என்பதுதான் தெரியவில்லை. இறந்தவர்களிடமிருந்து கூடுதலாகக் கண்களை எடுங்கள், அவற்றைப் பொருத்திக்கொண்டவர்களைக் குறைவாகப் பாருங்கள் என்பதே இரண்டும் சேர்ந்து சொல்லும் செய்தி. இதைப் படித்துவிட்டு வழக்கம்போல வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நான் மருத்துவர் அல்ல. அரசு மருத்துவமனை ஒன்றில் கண் தான ஆலோசகராக வேலை பார்ப்பவள். பதவிப் பெயர் எப்படி இருந்தாலும், வேலை பெரும்பாலும் பிணவறை வாசலில்தான். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும் என்பதால், வீட்டார் அழுது ஓய்வதற்கு முன்பே அவர்களிடம் பேசியாக வேண்டும். யாரிடம் பேச்சைத் தொடங்குவது என்பதை வந்த சில நிமிடங்களிலேயே கண்டுகொள்ள வேண்டும். பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மகனாகவோ இருக்கமாட்டார், ஆம்புலன்சுக்குப் பணம் எண்ணிக்கொண்டிருக்கும் மைத்துனராக இருப்பார். முகம் குழி விழுந்துவிடுமா, எடுத்து முடிக்க நேரமாகுமா, அடுத்த பிறவியில் கண்ணில்லாமல் பிறப்பாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போது பலர் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான்: "எங்கப்பா கண்ணு நெசமாவே யாருக்காச்சும் போய்ச் சேருமாம்மா?" இருவருக்குப் பார்வை கிடைக்கும் என்று பதில் சொல்லும்படி எனக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் கண் தான இருவார விழாவில் நீங்கள் கட்டும் பதாகையிலும் அதுவே எழுதியிருக்கிறது. அந்த வாக்கியத்தை மனச்சாட்சியோடு சொல்ல முடியாத இடத்துக்கு இப்போது என்னைத் தள்ளியிருக்கிறீர்கள்.

கருவிழி மாற்று அறுவை உலகில் முதன்முதலாகப் பலித்தது 1905 டிசம்பரில், இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸ் நகரில். எடுவார்த் சிர்ம் என்ற மருத்துவரிடம் அறுவை செய்துகொண்டவர் சுண்ணாம்பு பட்டு இரு கண்களிலும் பார்வை இழந்த ஒரு கூலித் தொழிலாளி. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் தொடங்கியது வேறெங்கும் இல்லை, சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில். 1948-இல் நாட்டின் முதல் கருவிழி மாற்று அறுவையைச் செய்தவரும் அதைத் தொடங்கிய டாக்டர் முத்தையாதான். விழா மேடைகளில் நீங்கள் இந்தப் பெருமையைச் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் 1948-இல் கருவிழி மாற்று என்பது ஏறக்குறைய ஒரே அறுவையாக இருந்தது. கெட்டுப்போன கருவிழியின் நடுப்பகுதியை முழுக் கனத்துக்கும் வட்டமாக வெட்டியெடுத்து, தானமாக வந்த வட்டத்தை அங்கே வைத்துத் தைப்பது. எங்கள் மாவட்டத்தின் மாதாந்திர அறிக்கைப் படிவத்தில் அது இன்றும் ஒரே அறுவையாகத்தான் இருக்கிறது. 'கெரட்டோபிளாஸ்டி' என்று ஒரு கட்டம், அதற்குள் ஓர் எண். எந்த நோய்க்கு, எந்த முறையில், யார் செய்தார், ஓராண்டு கழித்து அந்தக் கண் என்ன பார்க்கிறது என்று கேட்க அதில் இடமே இல்லை.

அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே கனமான கருவிழியில் ஐந்து அடுக்குகள் உண்டு என்றும், எந்த அடுக்கு கெட்டதோ அதை மட்டும் மாற்றும் முறைகள் வந்துவிட்டன என்றும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், இப்போது நீங்கள் மாற்றியிருக்கும் அந்த நிபுணர்தான். அவர் சொன்னதை நான் பார்த்த நோயாளிகளோடு பொருத்தி எழுதுகிறேன். சொல்லில் பிழை இருந்தால் மருத்துவர்கள் திருத்தட்டும். நோயாளிகளின் கதைகளில் பிழை இல்லை.

முதலாமவர் ஒரு முதியவர். கண்புரை அறுவை செய்த சில ஆண்டுகளில் அந்தக் கண்ணின் கருவிழி நீர் கோத்து வீங்கிக் கொப்புளம் கட்டிவிட்டது. கருவிழியின் உட்பக்கத்தில் ஒற்றை வரிசையாக இருக்கும் செல்கள்தான் அதிலுள்ள நீரை இடைவிடாமல் வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. மனிதரில் அவை அழிந்தால் மறுபடி பெருகுவதில்லை. தானமாக வரும் கருவிழியில் சதுர மில்லிமீட்டருக்கு 2000 செல்களாவது இருக்கின்றனவா என்று கண் வங்கியில் எண்ணிப் பார்ப்பதும் இதற்காகத்தான். முதியவருக்குக் கெட்டது அந்த உள் அடுக்கு மட்டுமே. அதை மட்டும் உரித்தெடுத்துவிட்டுத் தானக் கருவிழியின் மெல்லிய உள் அடுக்கைச் சிறு துளை வழியே உள்ளே செலுத்தி, காற்றுக் குமிழியால் மேலே ஒட்டவைக்கும் டிசேக், டிமெக் என்ற முறைகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் வழிகாட்டிய இந்த முறைகளில் கருவிழியின் மேல் தையல் கிடையாது. அறுவைக்குப் பின் குமிழி அழுத்திப் பிடிக்கும்படி அண்ணாந்து படுத்திருக்க வேண்டும், சிலருக்கு மறுபடி காற்று ஏற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பார்வை வாரக் கணக்கில் தெளிகிறது. கருவிழி மாற்று முறைகள் எல்லாவற்றிலும் உடல் நிராகரிக்கும் வாய்ப்பு டிமெக்கில்தான் மிகக் குறைவு.

எங்களிடம் இது செய்யப்படுவதில்லை என்பதால் அவருக்கு முழுக் கனக் கருவிழி மாற்று செய்யப்பட்டது. தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலில் 16 தையல்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவரை பார்வை கோணலாகவே இருக்கும். இடையில் ஒரு தையல் தளர்ந்தால்கூட அதன் வழியே கிருமி நுழையும். தனியாக வசிக்கும், தன் கண்ணில் தானே சொட்டு மருந்து விட்டுக்கொள்ளக் கை நடுங்கும் ஒருவருக்கு நாம் கொடுத்த சிகிச்சை இது. அவருக்குக் கொடுத்த கருவிழி, யாரோ ஒரு மைத்துனரிடம் பிணவறை வாசலில் நான் கேட்டு வாங்கியது. அறுவை தவறாகச் செய்யப்பட்டது என்று நான் சொல்லவில்லை. கையில் ஒரே கருவி இருந்தது, அதைக் கொண்டு செய்தார்கள். அறிக்கையின் கட்டத்தில் ஓர் எண் கூடியது.

இந்த முதியவரின் நோய் எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். கண்புரை அறுவைகளின் எண்ணிக்கையை உயர்த்துவதில் இந்த மாநிலம் பெரும் வெற்றி கண்டிருக்கிறது, அதை யாரும் மறுக்க மாட்டார்கள். அத்தனை அறுவைகளில் ஒரு சிறு பங்கினருக்குப் பின்னாளில் உள் அடுக்குச் செல்கள் குறைந்து இந்த வீக்கம் வரத்தான் செய்யும். ஒரு திட்டத்தின் துணை விளைவைச் சரிசெய்யும் அறுவை முறை அதே மாவட்டத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது. வீங்கிய கருவிழியை ஆண்டுக்கணக்கில் காக்கவைத்தால் அதன் நடு அடுக்கிலும் தழும்பு ஏறிவிடும். பிறகு முழுக் கனத்தையும் மாற்றுவதைத் தவிர வழி இருக்காது. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் காலம் முழுவதும் அந்த நோயாளிகள் எளிய அறுவையிலிருந்து கடினமான அறுவைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்தவர் ஒரு பாலிடெக்னிக் மாணவர். ஒவ்வோர் ஆண்டும் கண்ணாடி எண் மாறிக்கொண்டே போயிருக்கிறது. முகாம்களில் புதுக் கண்ணாடி எழுதிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு இருந்தது கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்புபோல முன்தள்ளும் நோய். கண்ணில் ஒவ்வாமையும், ஓயாமல் கண்ணைக் கசக்கும் பழக்கமும் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். ரிபோஃப்ளேவின் சொட்டு மருந்து விட்டுப் புற ஊதாக் கதிரைக் கருவிழியின் மேல் பாய்ச்சி அதன் இழைகளை இறுக்கும் 'கிராஸ் லிங்கிங்' முறை ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவாகி, 2003-இல் முடிவுகள் வெளியானது. கதிர் பாய்ச்சும் நேரம் மூல முறையில் அரை மணி. இதற்குத் தானக் கண் தேவையில்லை, தையல் தேவையில்லை. போன பார்வையை இது முழுதாக மீட்டுத் தராது. ஆனால் நோயைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், மீதிக்குத் தனிவகைக் கான்டாக்ட் லென்ஸ் போதும். நோயைத் தொடக்கத்திலேயே காட்டும் கருவிழி வரைபடக் கருவி எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனை எதிலும் இல்லை. அந்த மாணவர் எங்களிடம் வந்தபோது கருவிழியின் உட்சவ்வு கிழிந்து நீர் உள்ளே புகுந்து ஒரு கண் வெளுத்திருந்தது.

அப்படிக் கிழியாத கண்ணாக இருந்தால், நோய் முற்றியிருந்தாலும், உள் அடுக்கை அப்படியே விட்டுவிட்டு முன் அடுக்குகளை மட்டும் மாற்றும் டால்க் அறுவை செய்யலாம். நடு அடுக்குக்குள் ஊசியால் காற்றைச் செலுத்திப் பெரிய குமிழி உண்டாக்கி உட்சவ்விலிருந்து பிரிக்கும் உத்தியை முகமது அன்வர் 2002-இல் விளக்கி எழுதினார். நோயாளியின் சொந்த உள் அடுக்கே தங்கிவிடுவதால் மிகக் கடுமையான வகை நிராகரிப்புக்கு அங்கே இடமே இல்லை. இருபது வயதுக்காரர் இன்னும் ஐம்பது ஆண்டு வாழப்போகிறார். அவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கிழிந்து தழும்பேறிய கண்ணில் இந்த அறுவையும் கடினமாகிவிடுகிறது. கைதேர்ந்த மருத்துவர்கள் இருக்கும் இடங்களில், தரமான ஒரு தானக் கருவிழியின் முன் அடுக்கை ஒருவருக்கும் உள் அடுக்கை இன்னொருவருக்கும் வைக்கிறார்கள். இலக்கை உயர்த்தாமலேயே பயனை உயர்த்தும் வழி இது. உங்கள் சுற்றறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்றாவதாக ஒரு சிறுமியைச் சொல்ல வேண்டும், அதுதான் என்னை அதிகம் உறுத்துவது. பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்து அவளுக்கு ஒரு கண் போனது. வெளிப்பார்வைக்கு அதுவும் கண்ணில் பூ விழுந்ததுபோலத்தான் தெரியும். ஆனால் அங்கே எரிந்துபோனது கருவிழி மட்டுமல்ல. கருவிழியின் விளிம்பில் இருந்துகொண்டு அதன் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூலச் செல்களும் எரிந்துவிட்டன. இப்படிப்பட்ட கண்ணில் எத்தனை தானக் கருவிழியை வைத்தாலும் மேல்தோல் நிற்காது, இரத்த நாளங்கள் படர்ந்து மறுபடி மூடிவிடும். இதற்கு முதலில் செய்ய வேண்டியது வேறு: நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவு திசுவை எடுத்துச் சிறு துண்டுகளாக்கி, பாதிப்புற்ற கண்ணின் மேல் பனிக்குடச் சவ்வைப் பரப்பி அதன் மீது ஒட்டி வளரவிடுவது. ஆய்வகத்தில் செல் வளர்க்கும் செலவு இல்லாமல் இதைச் செய்யும் 'ஸ்லெட்' முறையை 2012-இல் உலகுக்குச் சொன்னவர்கள் ஐதராபாத்தின் வீரேந்தர் சங்வானும் அவருடைய குழுவினரும். நம் நாட்டிலேயே பிறந்த, நம் நாட்டு வசதிக்கு ஏற்ற முறை. அந்தச் சிறுமியை எங்கள் மருத்துவமனை என்ன செய்தது தெரியுமா? கருவிழிக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதி, கண் வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பியது. தனக்குத் தனியாக உதவாத ஒன்றுக்காக அந்தக் குழந்தை வரிசையில் நின்றது. வரிசை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று நிருவாகம் நினைத்தால் இப்படித்தான் நடக்கும்.

மாற்றிய கருவிழிகள் திரும்பத் திரும்பத் தோற்றவர்களுக்கும் வழி மூடிவிடவில்லை. மதுரையில் தயாராகும் செயற்கைக் கருவிழியும், நோயாளியின் சொந்தப் பல்லையே தாங்கியாக வைத்துச் சென்னையில் செய்யப்படும் அறுவையும் இருக்கின்றன. அவை அரிதானவை, ஆயுள் முழுதும் கண்காணிப்பு வேண்டுபவை. அவற்றை மாவட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. அப்படி ஒரு வாய்ப்பு இருப்பதைச் சொல்லி உரிய இடத்துக்கு அனுப்பும் ஒருவர் இங்கே இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் எதிர்பார்ப்பு. அந்த ஒருவர் வாரம் ஒரு நாள் இருந்தார்.

இனி மாதம் ஒரு நாள் என்ற ஆணையின் உண்மையான பொருள் என்ன என்பதைச் சொல்கிறேன். கருவிழி மாற்று அறுவை, அறுவை அரங்கில் முடிவதில்லை. உடல் அதை நிராகரிக்கத் தொடங்கினால் கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். அந்தச் சில நாள்களுக்குள் மணிக்கொரு முறை ஸ்டீராய்டு சொட்டு மருந்து தொடங்கினால் பல கண்களைக் காப்பாற்றிவிடலாம். தாமதமானால் உள் அடுக்குச் செல்கள் போய்விடும், கருவிழி வெளுத்துவிடும். அதே ஸ்டீராய்டு மருந்தை மாதக்கணக்கில் விடுவதால் சிலருக்குக் கண் நீர் அழுத்தம் ஏறும். அளந்து பார்க்காவிட்டால் கருவிழி தெளிவாக இருக்கும்போதே பின்னால் பார்வை நரம்பு கெட்டுப்போகும்.

நாற்று நடவுக்குப் போகும் ஒரு பெண், நெல் உமி பட்டுப் பூஞ்சைப் புண்ணாகி, கண்ணே போய்விடும் என்ற நிலையில் அவசரக் கருவிழி மாற்று செய்துகொண்டவர், சிறப்புப் பிரிவு நடக்காத ஒரு நாளில் சிவந்த கண்ணோடு வந்தார். பொதுப் புறநோயாளர் பிரிவில் சாதாரணக் கண் சிவப்பு என்று ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த சிறப்புப் பிரிவு நாளில் அவர் வந்தபோது நிராகரிப்பு முற்றியிருந்தது. அப்போது இடைவெளி ஒரு வாரம்தான். அதை நான்கு மடங்காக ஆக்கியிருக்கிறீர்கள். அந்தக் கருவிழியைத் தந்த குடும்பம் ஊர்த் திருவிழாவில் என்னைப் பார்த்தால் இன்றும் நின்று பேசுகிறது. நான் என்ன சொல்வேன் என்று நினைக்கிறீர்கள்?

அந்தப் பெண்ணுக்கு அறுவையே தேவைப்பட்டிருக்க வேண்டாம் என்பதும் உண்மை. உமி பட்டவுடன் பக்கத்து வீட்டுக் கிழவி நாக்கால் தூசி எடுத்திருக்கிறார், அடுத்து விளக்கெண்ணெய், அதற்கடுத்து மருந்துக் கடையில் சீட்டில்லாமல் தந்த சொட்டு மருந்து. அந்தக் குப்பியை நான் வாங்கிப் பார்த்தேன், ஸ்டீராய்டு கலந்தது. நிராகரிப்பின்போது கண்ணைக் காப்பாற்றும் அதே மருந்து, பூஞ்சைப் புண்ணில் விட்டால் பூஞ்சையை வளரவிடும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11 பேருக்கு மேல் கருவிழிப் புண் வருவதாக 1990-களிலேயே கணக்கிட்டு எழுதிவிட்டார்கள். கண்ணில் சிராய்ப்பு ஏற்பட்டவுடன் கிராம அளவிலேயே மூன்று நாள் களிம்பு போட்டால் பெரும்பாலோருக்குப் புண்ணே வராமல் தடுக்கலாம் என்பதை நேபாளத்தின் பக்தபூரிலும், பிறகு மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் செய்து காட்டினார்கள். இழைப் பூஞ்சைப் புண்ணுக்கு விலை உயர்ந்த வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசின் மருந்தே மேல் என்பதும் 2013-இல் வெளிவந்த ஆய்வில், பெரும்பாலும் நம் தமிழ்நாட்டு நோயாளிகளைக் கொண்டே, நிறுவப்பட்டுவிட்டது. இவ்வளவும் நம் மண்ணில் கண்டறிந்தவை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நாட்டமைசின் கேட்டால் இருப்பு இல்லை என்கிறார்கள்.

நிபுணர்கள் கிடைப்பதில்லை, கருவிகள் விலை அதிகம் என்று நீங்கள் சொல்லக்கூடும்; சென்ற ஆய்வுக் கூட்டத்தில் சொன்னீர்கள். டிசேக் அறுவைக்குக் கருவிழியைச் சீவும் கருவி விலை உயர்ந்ததுதான். ஆனால் டிமெக் திசுவைக் கிடுக்கியால் கையாலேயே உரிக்கிறார்கள், டால்க் அறுவையின் குமிழிக்கு வேண்டியது ஊசியும் காற்றும். கண் வங்கியே திசுவைச் சீவித் தயார்செய்து அனுப்பும் ஏற்பாடும் நாட்டில் இருக்கிறது. குறைவாக இருப்பது பயிற்சி. பயிற்சி பெற்ற ஒருவரையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, ஆள் இல்லை என்பதைக் காரணமாகக் காட்டுவது எந்த வகையில் நியாயம்? 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பு, ஐம்பது வயதுக்குக் கீழானவர்களின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கருவிழி வெளுப்பு என்றும், அவர்களில் 37.5 விழுக்காட்டினர் இதனால் பார்வை இழந்தவர்கள் என்றும் சொல்கிறது. உழைக்கும் வயதினர், படிக்கும் வயதினர். இந்த எண்ணை மேடையில் சொல்லித்தான் என்னைக் கூடுதல் கண்கள் திரட்டச் சொல்கிறீர்கள்.

எனவே கேட்கிறேன். கருவிழிச் சிறப்புப் பிரிவை மீண்டும் வாரந்தோறும் நடத்துங்கள். மாற்றிய நிபுணரைத் திரும்பக் கொண்டுவர இயலாது என்றால், பக்கத்து மருத்துவக் கல்லூரியிலிருந்தோ தொண்டு நிறுவனக் கண் மருத்துவமனையிலிருந்தோ ஒருவரை வாரம் ஒரு நாள் வரவழையுங்கள். மற்ற நாள்களில் மாற்றுக் கருவிழியோடு சிவந்த கண்ணுடன் வருபவர் யாராக இருந்தாலும் அன்றே நிபுணரிடம் பேசாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுத்தில் ஆணையிடுங்கள். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் பிளவு விளக்குக் கருவியின் வழியே செல்பேசியில் படம் எடுத்து அனுப்ப ஆரம்ப சுகாதார நிலையங்களின் கண் மருத்துவ உதவியாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். தொலைவிலிருந்து வருபவர்களுக்குச் சொட்டு மருந்தை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். மருந்து தீர்ந்து பேருந்துக் கூலி இல்லாமல் நிறுத்தியவர்களின் கண்களைத்தான் நாம் அதிகம் இழந்திருக்கிறோம். அழுத்தம் அளக்கும் வேலையை வட்ட மருத்துவமனையிலேயே முடியுங்கள்.

அறிக்கைப் படிவத்தை மாற்றுங்கள். எத்தனை கருவிழி எடுத்தோம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், எந்த நோய்க்கு எந்த முறையில் வைத்தோம், பயன்படுத்தாமல் விட்டவை எத்தனை, ஏன், ஓராண்டு முடிவில் தெளிவாக இருப்பவை எத்தனை என்ற கட்டங்கள் வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் இப்போது இருக்கும் ஒவ்வொருவரையும் ஒரு கருவிழி நிபுணர் மறுபடி பார்த்து, உள் அடுக்கு மட்டும் போதுமானவர், முன் அடுக்கு போதுமானவர், விளிம்புச் செல் சிகிச்சை முதலில் தேவைப்படுபவர் என்று பிரிக்க வேண்டும். இங்கே செய்ய முடியாத அறுவைக்கு உரிய மருத்துவமனைக்கு, போக்குவரத்துச் செலவோடு, அனுப்ப வேண்டும். அந்தச் சிறுமியிடமிருந்து இதைத் தொடங்குங்கள். அரசு மருத்துவர்கள் இருவரை அடுக்கு மாற்று அறுவைப் பயிற்சிக்கு அனுப்பி, திரும்பிய பின் குறைந்தது சில ஆண்டுகள் மாவட்டத்திலேயே வைத்திருக்க உறுதி கொடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு கருவிழி வரைபடக் கருவியும் ஒரு கிராஸ் லிங்கிங் கருவியும் வாங்குங்கள். கண்ணாடி எண் அடிக்கடி மாறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைத் தவறாமல் அதற்கு அனுப்பும்படி முகாம்களுக்கு அறிவுறுத்துங்கள்.

புண்ணைப் பொறுத்தவரை, சிராய்ப்பைக் காட்டும் ஃப்ளோரசீன் தாளும், பூஞ்சையைக் காட்டும் கே.ஓ.எச். சோதனைக்கு வேண்டிய பொருள்களும், நாட்டமைசினும் அறுவடைக் காலத்துக்கு முன் இருப்பில் இருக்க வேண்டும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கண் மருந்து விற்கும் கடைகள் மீது மருந்து ஆய்வாளர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும்; சட்டம் இருக்கிறது, புதிதாக எதுவும் இயற்ற வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடுகள் நடக்கும் வரை கண் தான இலக்கை உயர்த்தும் சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். நான் குடும்பங்களிடம் கேட்பதை நிறுத்தப்போவதில்லை. ஆனால் பதாகையில் இருக்கும் வாக்கியத்தை அவர்களிடம் சொல்லச் சொல்லி என்னைக் கட்டாயப்படுத்தாதீர்கள். தானம் கொடுத்த குடும்பம் விரும்பினால், பெற்றவரின் அடையாளத்தை வெளியிடாமல், அந்தக் கருவிழி பயன்பட்டதா என்ற தகவலை எழுத்தில் தர வழி செய்யுங்கள். இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை ஆகஸ்ட் 25-க்கு முன் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, அந்தப் பதிலைப் புறநோயாளர் பிரிவின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை ஒன்றின் கண் தான ஆலோசகர்